ஆப்பிரிக்க மரம் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுபவர்கள், தச்சு வேலை செய்பவர்கள், மரக்கடை வைத்திருப்பவர்கள், காடுகள்மேல் அக்கறை கொண்ட இளைஞர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே சங்கடம்தான் இருக்கிறது. நம் வீட்டு நிலைக்கும் கதவுக்கும் யாருடைய காட்டில் மரம் வெட்டினார்கள், எப்படி வெட்டினார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தெரிந்துகொள்ளும் கடமையும் நமக்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் ஊர் மரக்கடைக்கு ஆப்பிரிக்க மரம் எப்படி வந்து சேர்ந்தது?

இந்தக் கதை நீலகிரியில் தொடங்குகிறது. கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதைத் தடுக்கக் கோரி, நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றானது. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையும் தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தைக் காட்டுக்கு வெளியே தேடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தது.

நம் காடுகளுக்கு இவை பெரிய பாதுகாப்பு. ஆனால் நாம் வீடு கட்டுவதை நிறுத்தவில்லை; மரத்தின் தேவை கடல் தாண்டிப் போனது. முதலில் மியான்மரும் மலேசியாவும் கொடுத்தன. 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் தடிகளாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. பர்மா தேக்கும், பிளைவுட்டின் மேல் ஒட்டும் மெல்லிய மரத் தாளான கர்ஜன் வெனீரும் அருகிப்போயின. கானா, ஐவரி கோஸ்ட், டோகோ, பெனின், நைஜீரியா, தான்சானியா நாடுகளின் தேக்கு அந்த இடத்துக்கு வந்தது. கர்ஜனுக்குப் பதிலாகக் காபோன் நாட்டின் ஒகூமே மரம் வந்தது. இன்று காண்ட்லாவிலும் தூத்துக்குடியிலும் இறங்கும் தடிகளில் பல ஆப்பிரிக்காவில் வெட்டப்பட்டவை. நம் காட்டைக் காத்துக்கொண்டோம். அதனாலேயே இன்னொருவர் காட்டைப் பற்றிக் கேட்கும் பொறுப்பும் நமக்கு வந்துவிட்டது.

மரத்தையும் வெட்டிக்கொண்டு காட்டையும் காப்பாற்ற முடியுமா?

முடியும். ஆனால் அதற்குக் கணக்கு வேண்டும், பொறுமை வேண்டும், கண்காணிக்க ஆள் வேண்டும்.

அமேசானுக்கு அடுத்த பெரிய மழைக்காடு காங்கோ ஆற்றுப் படுகையில் இருக்கிறது. காமரூன், காபோன், காங்கோ குடியரசு, காங்கோ ஜனநாயகக் குடியரசு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, ஈக்வடோரியல் கினி ஆகிய நாடுகளில் அது பரந்து கிடக்கிறது. காடு அரசுக்குச் சொந்தம். நிறுவனங்கள் பெரும் பரப்புகளை நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கின்றன.

ஒழுங்காக நடக்கும் குத்தகைக் காட்டில் வேலை இப்படிப் போகும். மொத்தப் பரப்பை 25 அல்லது 30 துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஓர் ஆண்டில் ஒரு துண்டில் மட்டும் வெட்டு நடக்கும். அந்தத் துண்டுக்கு அடுத்த முறை வருவதற்கு ஒரு தலைமுறை ஆகும். வெட்டுவதற்கு முன் ஆட்கள் காட்டுக்குள் வரிசையாக நடந்து, விலைபோகும் மரம் ஒவ்வொன்றையும் அளந்து வரைபடத்தில் குறிப்பார்கள். ஒவ்வோர் இனத்துக்கும் குறைந்தபட்ச விட்டம் உண்டு. காபோனில் ஒகூமேக்கு 70 செ.மீ., காமரூனில் சபெல்லிக்கு 100 செ.மீ. அதற்குக் கீழே இருப்பதைத் தொடக் கூடாது. விதை தரும் நல்ல மரங்களை விட்டுவைக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு, பெரும்பாலும் ஒன்றிரண்டு மரங்கள்தான் விழும். விழும் திசையைக்கூட முன்பே முடிவு செய்வார்கள், பக்கத்து இளமரங்கள் நசுங்காமல் இருக்க. அடிக்கட்டையிலும் தடியிலும் ஒரே எண்ணைப் பொறிப்பார்கள். சாமிலுக்கு வரும் தடி எந்த அடிக்கட்டையிலிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்க்க முடிவது அந்த எண்ணால்தான்.

மேலே இருந்து பார்த்தால் அந்தக் காட்டில் வெட்டு நடந்ததே எளிதில் தெரியாது.

இந்த முறையிலும் ஒரு பெரிய கவலை இருக்கிறது. மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் எம்பாய்கியில் 1982 முதல் ஆய்வுத் திடல்களில் மரங்களை அளந்து வருகிறார்கள். வெட்டிய திடல்களில் காட்டின் மொத்த உயிர்த்திரள், அதாவது மரங்களின் மொத்த எடை, 24 ஆண்டுகளில் மீண்டு வந்தது. ஆனால் விலைபோகும் பெரிய மரங்களின் அளவு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முதல் வெட்டில் கிடைப்பது நூற்றாண்டுகளாகச் சேர்ந்த சேமிப்பு. இரண்டாம் வெட்டில் அவ்வளவு கிடைக்காது. ‘30 ஆண்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்’ என்று எந்த நிறுவனம் சொன்னாலும் நம்ப வேண்டாம். சுழற்சியை நீட்டுவது, எடுக்கும் அளவைக் குறைப்பது, அதிகம் அறியப்படாத இனங்களுக்கும் சந்தை தேடி ஓரிரு இனங்கள் மேலிருக்கும் அழுத்தத்தைக் குறைப்பது ஆகியவைதான் வழி.

ஆப்பிரிக்கக் காடுகள் அழிவதற்கு மரவணிகம்தானே காரணம்?

ஒரு காரணம். முதல் காரணம் என்று சொல்ல முடியாது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, 2010 முதல் 2020 வரை ஆப்பிரிக்கா ஆண்டுக்கு நிகரமாக 39 லட்சம் ஹெக்டேர் காட்டை இழந்தது. உலகின் எந்தக் கண்டத்தையும்விட இது அதிகம். பெரும்பகுதி விவசாயத்துக்காகப் போனது. அதோடு அங்கே வெட்டப்படும் மரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு விறகாகவும் கரியாகவும் எரிகிறது.

ஐவரி கோஸ்ட்டைப் பாருங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சுமார் 1.6 கோடி ஹெக்டேர் காடு இருந்தது. இன்று 30 லட்சம் ஹெக்டேருக்கும் குறைவு. அந்தக் காட்டின் பெரும்பகுதி கோகோ தோட்டங்களாகிவிட்டது. அதிலிருந்து வரும் சாக்லேட்டை உலகமே தின்கிறது. ஆனால் அந்த விவசாயிகள் காட்டுக்குள் போக வழி போட்டுக் கொடுத்தது பல இடங்களில் மர லாரிகளுக்காகப் போட்ட பாதை. வெட்டு முடிந்து நிறுவனம் போன பின்னும் பாதை கிடக்கும். அந்த வழியே வேட்டைக்காரர்கள் வருவார்கள், பிறகு குடியேறுபவர்கள் வருவார்கள். நல்ல நிறுவனம் வெட்டு முடிந்ததும் பாதையை மூடிவிடும். மரம் வெட்டுவதைவிட இது முக்கியமான வேலை.

அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. காபோனிலும் காங்கோ குடியரசிலும் 14 குத்தகைக் காடுகளில் தானியங்கிக் கேமராக்களை வைத்து நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. பாதி, பொறுப்போடு நடத்தப்படும் காடுகளுக்குத் தரப்படும் எஃப்எஸ்சி சான்றைப் பெற்ற காடுகள்; பாதி பெறாதவை. சான்று பெற்ற காடுகளில் 100 கிலோவுக்கு மேற்பட்ட விலங்குகள் 2.7 மடங்கு அதிகமாகத் தென்பட்டன. காட்டுயானை, கொரில்லா போன்றவை அந்த வகையில் வரும். இரண்டு வகைக் காடுகளிலும் மரம் வெட்டினார்கள். பாதையை மூடியது, வேட்டையைத் தடுத்தது, தொழிலாளர் முகாமில் காட்டு இறைச்சிக்குப் பதில் வேறு உணவு கொடுத்தது போன்ற ஏற்பாடுகள்தான் வேறுபாட்டை உண்டாக்கின.

அப்படியானால் புறக்கணிப்பதில் பயனில்லையா?

சில இனங்களைக் கட்டாயம் புறக்கணிக்க வேண்டும், கீழே சொல்கிறேன். ஆனால் ஒட்டுமொத்தமாக ‘ஆப்பிரிக்க மரமே வேண்டாம்’ என்றால் அந்தக் காட்டுக்கு வருமானம் இல்லாமல் போகும். வருமானம் தராத காட்டை எண்ணெய்ப் பனைத் தோட்டமாகவோ சுரங்கமாகவோ மாற்றச் சொல்பவர்களின் கை ஓங்கும். நல்லபடியாகக் காட்டை நடத்துபவர் சந்தையை இழப்பார். ஆவணம் எதுவும் கேட்காதவருக்கு விற்பவர் இழக்க மாட்டார்.

காபோனை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்களே, அங்கே என்ன நடந்தது?

நல்லதும் கெட்டதும் சேர்ந்து நடந்தது. இரண்டையும் சொன்னால்தான் பாடம் முழுமையாகும்.

காபோனின் பரப்பில் ஏறத்தாழ 88 விழுக்காடு காடு. மக்கள்தொகை குறைவு, எண்ணெய் வருமானம் இருந்தது. காட்டை அழித்துப் பயிரிட வேண்டிய நெருக்கடி குறைவு. 2001இல் வந்த வனச் சட்டம் குத்தகைதாரர்கள் மேலாண்மைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது. 2002இல் 13 தேசியப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டன. 2010இல் தடிகளாக ஏற்றுமதி செய்வதை அரசு நிறுத்தியது. மரம் வேண்டுமானால் இங்கே வந்து அறு, இங்கே வெனீர் உரி, எங்கள் ஆட்களுக்கு வேலை கொடு என்பது அதன் பொருள். தலைநகர் லிப்ரவில் அருகே ந்கோக் என்ற இடத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலம் உருவானது. நம் நாட்டு நிறுவனங்களும் அங்கே ஆலை போட்டன. நம் ஊர்ப் பிளைவுட்டின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய இளஞ்சிவப்பு ஒகூமே தாளில் பெரும்பகுதி காபோனில் உரித்தது. தடி ஏற்றுமதித் தடை கண்காணிப்பையும் எளிதாக்கியது. காட்டின் மூலை முடுக்கில் தேடுவதைவிட ஆலை வாசலில் ஆவணத்தைச் சரிபார்ப்பது எளிது.

2018இல் எல்லாக் குத்தகைக் காடுகளும் 2022க்குள் எஃப்எஸ்சி சான்று பெற வேண்டும் என்று அன்றைய அதிபர் அலி போங்கோ அறிவித்தார். கெடு தள்ளிப்போனது, பின்னர் வேறு சான்றும் ஏற்கப்படும் என்று தளர்ந்தது. ஆனாலும் ஒரு நாடு முழுவதையும் அந்த இலக்கை நோக்கித் திருப்பிய முயற்சி மதிக்கத்தக்கது.

அந்த நாட்டிலேயே 2019இல் பெரிய ஊழல் வெடித்தது. கெவாசிங்கோ என்பது உலகச் சந்தையில் புபிங்கா என்ற பெயரில் பெரும் விலைக்குப் போகும் மரம். ஓவெண்டோ துறைமுகத்தில் பறிமுதல் செய்த கெவாசிங்கோ கன்டெய்னர்களில் 353 காணாமல் போயின. ஆவணத்தில் அவை ஒகூமே என்று எழுதப்பட்டிருந்தன. துணை அதிபரும் வனத்துறை அமைச்சரும் பதவி இழந்தார்கள். அதன்பின் பிரிட்டனில் பிறந்த சூழலியலாளர் லீ ஒயிட் வனத்துறை அமைச்சரானார். 2021இல் காட்டை அழிக்காமல் வைத்திருந்ததற்காக நார்வேயிடமிருந்து 1.7 கோடி டாலர் முதல் தவணையாக வந்தது. ஆப்பிரிக்காவில் இப்படி விளைவு பார்த்துப் பணம் பெற்ற முதல் நாடு காபோன். 2023 ஆகஸ்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: நல்ல சட்டம் உள்ள நாட்டிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு மரம் நல்ல மரம் ஆகிவிடாது. பில்லில் எழுதிய இனமும் கன்டெய்னருக்குள் இருக்கும் இனமும் ஒன்றா என்று பார்த்தே தீர வேண்டும்.

எந்த மரங்களைத் தவிர்க்க வேண்டும்?

முதலில் கோசோ. மேற்கு ஆப்பிரிக்க ரோஸ்வுட் என்று விற்கிறார்கள். செனகல் முதல் நைஜீரியா வரை வறண்ட புல்வெளிக் காடுகளில் வளரும் மரம். கோடையில் புல் காய்ந்துபோனதும் மாடு மேய்ப்பவர்கள் இதன் தழையைத்தான் ஒடித்துப் போடுவார்கள். சீனாவின் ஆடம்பர மரச்சாமான் சந்தை இதைத் தேட ஆரம்பித்ததும், நாடு நாடாகத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். கானாவில் மட்டும் 2012க்குப் பின், தடை அமலில் இருந்தபோதே, 5 லட்சத்து 40 ஆயிரம் டன் வெட்டப்பட்டுச் சீனாவுக்குப் போனதாக ஈ.ஐ.ஏ. என்ற புலனாய்வு அமைப்பு 2019இல் வெளிப்படுத்தியது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை 2017 முதல் இந்த மரத்தைத் தன் இரண்டாம் பட்டியலில் வைத்திருக்கிறது. 2022இல் இந்த மரம் வளரும் எல்லா நாடுகளிலிருந்தும் வணிகத்தை நிறுத்தச் சொன்னது. யாராவது இதை மலிவாகத் தருகிறேன் என்றால் விலகிப் போங்கள்.

கோசோவும் நம் செம்மரமும் வேங்கையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆந்திரக் காடுகளில் செம்மரக் கடத்தலால் எத்தனை தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள், உயிரிழந்தார்கள் என்று நமக்குத் தெரியும். செனகலின் காசமான்ஸ் பகுதியிலும் நடப்பது கிட்டத்தட்ட அதுவே. மரம் வெட்டும் கைக்குக் கிடைப்பது சொற்பம், ஆபத்து முழுவதும் அந்தக் கைக்கு.

அடுத்தது படாக். சிவந்த நிறத்துக்காக நம் ஊரிலும் கதவுக்கு விரும்பி வாங்குகிறார்கள். 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாடு ஆப்பிரிக்கப் படாக், தூசியே, ஆப்பிரிக்க மகோகனி என்னும் காயா ஆகிய மூன்றையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. வாங்கக் கூடாது என்று பொருள் இல்லை. ஏற்றுமதி செய்யும் நாட்டின் சைட்டிஸ் அனுமதி இல்லாமல் வரக் கூடாது என்று பொருள். இந்தியாவிலும் 2022ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் சைட்டிஸ் விதிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. புபிங்கா, அஃப்ரோமோசியா ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

கானா தேக்கு, சூடான் தேக்கு எல்லாம் தோட்டத்தில் வளர்த்தவைதானே?

ஆம். தேக்கு ஆப்பிரிக்காவின் சொந்த மரம் இல்லை. இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் பகுதிகளிலிருந்து காலனி ஆட்சிக்காரர்கள் கொண்டுபோய் நட்டது. எனவே ஆப்பிரிக்கத் தேக்கு வாங்கினால் மழைக்காட்டு மரம் விழுந்தது என்று பொருள் இல்லை. ஆனால் கேள்விகள் அதோடு தீரவில்லை. அந்தத் தோட்டத்துக்காக முன்பு என்ன அழிக்கப்பட்டது? நிலம் யாருடையது? பணம் யாருக்குப் போனது?

தென் சூடானின் ஈக்வடோரியா பகுதியில் பிரிட்டிஷ் ஆட்சியில் நட்ட தேக்கு முதிர்ந்து, வைரம் பாய்ந்து நிற்கிறது. உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் அந்தத் தடிகள் உகாண்டா வழியாக மொம்பாசா துறைமுகத்துக்குப் போயின. வழி நெடுக ஆயுதம் ஏந்தியவர்கள் வசூல் செய்தார்கள். அந்தத் தேக்கை மிக அதிகமாக வாங்கியது இந்தியா. இதைச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது. ஆனால் ‘சூடான் தேக்கு, பர்மாவுக்கு அடுத்தது’ என்று பெருமையாக விற்கும்போது இந்தப் பக்கத்தையும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும்.

மரத்தின் பணம் போருக்குப் போவது இது முதல் முறையும் இல்லை. லைபீரியாவில் சார்லஸ் டெய்லரின் ஆட்சிக்கு மரவணிகம் பெரும் வருவாய் தந்ததால் 2003இல் ஐ.நா. பாதுகாப்பு அவை அந்நாட்டு மரத்துக்குத் தடை போட்டது. 2006இல் அதிபரான எலன் ஜான்சன் சர்லீஃப் பிறப்பித்த முதல் ஆணையே எல்லாக் காட்டுக் குத்தகைகளையும் ரத்து செய்வதாக இருந்தது.

மாறாக, தான்சானியாவின் கிலோம்பெரோ பள்ளத்தாக்கில் சுமார் 8,000 ஹெக்டேரில் தேக்கு வளர்க்கும் நிறுவனம் அதைவிடப் பெரிய பரப்பை இயற்கைக் காடாகவே விட்டு வைத்திருக்கிறது. தேக்கை ஒரே மூச்சாக நடாமல் இடையிடையே காட்டையும் நீரோடைகளையும் விட்டிருக்கிறார்கள். தேக்கு மட்டும் அடர்ந்த இடத்தில் அகன்ற இலையிலிருந்து பெரும் துளிகள் விழுந்து மண்ணை அரிக்கும். இடைவெளி விட்ட தோட்டம் அதைத் தாங்கும்.

தரம் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் தேக்கில் நிறைய இளந்தடிகள். சுற்றளவு சிறியது, வைரம் பாயாத வெள்ளைப் பகுதி அதிகம். அவசரமாக வெட்டி விற்பதால் அவர்களுக்கும் விலை குறைவு, நமக்கும் ஆயுள் குறைவு. இன்னும் பத்து, பதினைந்து ஆண்டு விட்டிருந்தால் இரு தரப்புக்கும் லாபம்.

காட்டில் வாழும் மக்களுக்கு என்ன கிடைக்கிறது?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான்.

காங்கோ குடியரசின் வடக்கே ம்பெஞ்செலே என்ற வேட்டைச் சமூகத்தினர் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சபெல்லி மரம் உணவுக் கிடங்கு. குறிப்பிட்ட காலத்தில் அந்த மரத்தின் இலைகளைத் தின்னும் கம்பளிப்புழுக்கள் கொத்துக்கொத்தாகக் கீழே இறங்கும். புரதம் நிறைந்த உணவு. ஐரோப்பியக் கதவுத் தொழிற்சாலைக்கோ அதே மரம் ஒரு தடி. போகோலா நகரை மையமாகக் கொண்ட குத்தகைக் காட்டில் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். ஜெரோம் லூயிஸ் என்ற மானிடவியலாளரின் முயற்சியில், எழுத்துக்குப் பதில் படங்கள் கொண்ட சிறு கையடக்கக் கருவி உருவானது. எழுதப் படிக்கத் தெரியாத ம்பெஞ்செலே மக்களே காட்டுக்குள் போய், புழு மரம், மருந்து மரம், முன்னோர் கல்லறை ஆகியவற்றின் படத்தை அழுத்தினால் அந்த இடம் செயற்கைக்கோள் உதவியுடன் பதிவாகும். அந்த மரங்களை நிறுவனம் வெட்டக் கூடாது. அங்குள்ள கபோ என்ற குத்தகைக் காடு 2006இல் எஃப்எஸ்சி சான்று பெற்றது.

காமரூனில் பாகா மக்களுக்கு மோஆபி அப்படிப்பட்டது. அதன் விதையிலிருந்து சமையல் எண்ணெய் எடுப்பார்கள். காய்க்கத் தொடங்கவே பல பத்தாண்டுகள் ஆகும் மரம். ஒன்று விழுந்தால் ஒரு தலைமுறையின் எண்ணெய் போனது.

தான்சானியாவின் கில்வா மாவட்டத்தில் கதை வேறு. 2002ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி கிராமமே தன் காட்டை அறிவித்துக்கொண்டு நடத்தலாம், வருமானம் கிராமத்துக்கே. அங்கே வளரும் ம்பிங்கோ மரத்தில்தான் கிளாரினெட், ஓபோ கருவிகளைக் கடைகிறார்கள். நம் நாகசுரத்துக்கு ஆச்சா எப்படியோ அப்படி. முன்பு இடைத்தரகர்கள் சொற்பக் காசுக்கு வெட்டிக்கொண்டு போனார்கள். கிராமங்கள் சேர்ந்து 2009இல் எஃப்எஸ்சி சான்று பெற்றன. ஆப்பிரிக்காவில் சமூகமே நடத்தும் இயற்கைக் காட்டுக்குக் கிடைத்த முதல் சான்று அது. விலையை இப்போது கிராமம் பேசுகிறது.

எஃப்எஸ்சி முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள். எஃப்எஸ்சி 1993இல் தொடங்கிய அமைப்பு. காட்டையும், காட்டிலிருந்து கடைவரை உள்ள சங்கிலியையும் தனித்தனியே தணிக்கை செய்கிறது. இப்போதைக்கு இதைவிட நம்பகமான முத்திரை இந்தத் துறையில் இல்லை என்பது என் கருத்து. ஆனால் அது தவறே நடக்காது என்ற உத்தரவாதம் ஆகாது. 2011இல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் யாலிசிகா கிராமத்தில், மர நிறுவனத்துடன் ஏற்பட்ட தகராறைத் தொடர்ந்து காவல்துறையும் படையினரும் கிராமத்தினர்மேல் கொடிய வன்முறை நிகழ்த்தினார்கள். அந்த நிறுவனத்தின் தாய் நிறுவனத்துடன் எஃப்எஸ்சி 2013இல் உறவை முறித்தது. தாமதமாகத்தான் முறித்தது; ஆனால் முறிக்க ஓர் அமைப்பு இருந்தது.

கடைச் சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நீங்கள் வாங்கும் அந்தச் சரக்குக்கான பில்லில் ‘எஃப்எஸ்சி 100%’ அல்லது ‘மிக்ஸ்’ என்ற வாசகமும் சான்று எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை எஃப்எஸ்சியின் பொதுத் தரவுத்தளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். சான்று உயிரோடு இருக்கிறதா, அந்த இனத்துக்குப் பொருந்துமா என்று காட்டும்.

கடையில் எந்தெந்தக் காகிதங்களைக் கேட்பது?

பலர் இரண்டு காகிதங்களைக் காட்டிவிட்டு ‘எல்லாம் சரி’ என்பார்கள். ஒன்று தாவர நோய்த் தடுப்புச் சான்று. மரத்தில் பூச்சி இல்லை, புகைமூட்டம் போட்டாயிற்று என்பதற்குத்தான் அது. மரம் திருடியதா இல்லையா என்று அதில் ஒரு சொல்கூட இருக்காது. மற்றொன்று பிளைவுட்டில் இருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை. ஐஎஸ் 303, ஐஎஸ் 710 என்றெல்லாம் இருப்பவை பசையின், பலகையின் தரத்தைச் சொல்பவை. காட்டைப் பற்றி எதுவும் சொல்லாதவை.

நீங்கள் கேட்க வேண்டியது: மரத்தின் தாவரவியல் பெயர், வெட்டிய நாடு, ஏற்றுமதியாளர் பெயர், பட்டியலிட்ட இனமானால் சைட்டிஸ் அனுமதியின் நகல். தாவரவியல் பெயரை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்ற பெயரில் உண்மையான தேக்கும் வரும், இரோக்கோவும் வரும், சைட்டிஸ் பட்டியலில் இருக்கும் அஃப்ரோமோசியாவும் வரும். மூன்றுக்கும் விலை வேறு, சட்டம் வேறு. பில்லில் இனமும் நாடும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

மரம் எது என்று சோதித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்களா?

பெங்களூருவில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு மர இனத்தை அடையாளம் கண்டு சொல்கிறது. பெரிய கட்டுமானத்துக்கு மொத்தமாக வாங்குபவர்களுக்கு அந்தச் செலவு ஒரு பொருட்டே இல்லை.

வெளிநாடுகளில் சட்டம் எப்படி இருக்கிறது? இந்தியாவில்?

அமெரிக்கா 2008இல் லேசி சட்டத்தைத் திருத்தி, வேறு நாட்டில் சட்டவிரோதமாக வெட்டிய மரத்தை விற்பதையும் குற்றமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் மர ஒழுங்குவிதியைக் கொண்டுவந்தது. 2023இல் இன்னும் கடுமையான காடழிப்பு ஒழுங்குவிதியை இயற்றியது: 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்திலிருந்து வந்த மரம், கோகோ, காபி எதுவும் நுழையக் கூடாது, நிலம் எங்கே இருக்கிறது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். அதன் அமல் தேதியை ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போட்டு வருகிறார்கள் என்பது வருத்தம். சீனாகூடத் தன் வனச் சட்டத்தைத் திருத்தி 2020 ஜூலை முதல் சட்டவிரோத மரத்தை வாங்குவதையும் அறுப்பதையும் தடை செய்தது. கானா 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் ஒப்பந்தம் போட்டு, அடிக்கட்டையிலிருந்து துறைமுகம்வரை தடம் பின்தொடரும் முறையைப் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டியது. 2025இல் சட்டபூர்வ மரத்துக்கான உரிமம் வழங்கும் முதல் ஆப்பிரிக்க நாடு ஆனது.

சைட்டிஸ் பட்டியலில் இல்லாத மரம் அதன் பிறந்த நாட்டில் சட்டப்படி வெட்டப்பட்டதா என்று இறக்குமதியாளர் காட்ட வேண்டும் என்ற பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஐரோப்பா திருப்பி அனுப்பும் சரக்கு கேள்வி கேட்காத துறைமுகத்தைத் தேடும். அந்தத் துறைமுகம் நம்முடையதாக இருக்கக் கூடாது. மர வணிகர் சங்கங்களே இந்தச் சட்டத்தைக் கேட்க வேண்டும். ஒழுங்காக வாங்கும் வணிகரைத் திருட்டு மரத்தின் மலிவு விலையிலிருந்து காப்பது அதுதான்.

வாங்குபவரின் ரசனை காட்டைப் பாதிக்குமா?

நேரடியாகப் பாதிக்கும். காமரூனின் கருங்காலியில் எல்லா மரமும் உள்ளே முழுக் கறுப்பாக இருக்காது. பல மரங்களில் பழுப்புக் கோடுகள் ஓடும். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். உலகச் சந்தை முழுக் கறுப்பை மட்டும் கேட்டதால், கோடு தெரிந்த மரத்தை வெட்டிய இடத்திலேயே விட்டுவிட்டு வேறு மரம் தேடிப் போனார்கள். 2011இல் யவுண்டேயில் இருந்த கருங்காலி ஆலையை டெய்லர் கிடார் நிறுவனம் ஒரு கூட்டாளியுடன் வாங்கியது. ஒரு முழுக் கறுப்பு மரத்துக்காகப் பல மரங்கள் வீணாவதை அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாப் டெய்லர் தெரிந்துகொண்டார். கோடு விழுந்த கருங்காலியையும் தன் கிடார்களில் பொருத்தினார். இசையில் எந்தக் குறையும் வரவில்லை. பின்னர் கருங்காலிக் கன்று நடும் திட்டத்துக்கும் அந்த நிறுவனம் பணம் கொடுத்தது.

நம் ஊரிலும் ஒரே நிறம், முடிச்சில்லாத பலகை, ஏழடி நீளத்தில் ஒரே கட்டை என்று கேட்கிறோம். பெயின்ட் அடிக்கப்போகும் கதவுக்கும் அப்படியே கேட்கிறோம். ஆசாரியிடம் ‘முடிச்சு இருந்தால் பரவாயில்லை, இணைத்த பலகை போதும்’ என்று சொன்னால் ஒரே தடியில் இன்னும் பல கன அடி பயன்படும்.

கடைக்காரருக்கு எதுவும் தெரியவில்லை. வேலையோ நிற்கிறது. என்ன செய்வது?

மூன்று வழிகள் உண்டு. பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் கிடைக்கும் நிலை, உத்திரம், தூண். காரைக்குடிப் பக்கம் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. நூறாண்டு காய்ந்த பர்மா தேக்குக்கு ஈடு இல்லை. அடுத்து, நம் விவசாயிகள் வரப்பிலும் தோட்டத்திலும் வளர்த்த வேம்பு, பூவரசு, வாகை, மகோகனி, தேக்கு. எங்கே வெட்டியது என்று போய்ப் பார்க்கவே முடியும். மூன்றாவது, வேறு கடை.

எந்த வழியை எடுத்தாலும், முதல் கடைக்காரரிடம் ஏன் வாங்கவில்லை என்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் தன் மொத்த வியாபாரியிடம் கேட்பார், மொத்த வியாபாரி இறக்குமதியாளரிடம் கேட்பார். கேள்வி போகும் வழி அது ஒன்றுதான்.